சீயக்காய் மகாலட்சுமியின் கண்கள்

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கோம்மா. எனக்கு இந்தப் பக்கம்தான் தோது, காலை நீட்டிக்கலாம். பையை மேல வைக்கவான்னு கேக்காத, மடியிலயே இருக்கட்டும். உள்ள மகாலட்சுமி இருக்கா.

ஏம்மா, உன்னத்தான். பின்னால யாரத் திரும்பிப் பாக்குற? உன்கிட்டத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

இந்தக் காலத்து ஆளுகளுக்குக் கவனமே இல்ல. நான் எதுத்தாப்புல நின்னு பேசினாலும் பக்கத்துல பாக்குறாக, பின்னால பாக்குறாக. இப்ப அந்தக் கண்டக்டரயே பாரேன். நான் அவரப் பாத்து ‘மதுரை ஒண்ணு’ன்னு கேக்குறேன், அந்தப்பக்கத்து சீட்டுல தூங்கிக்கிட்டிருந்த ஆளுக்குப் போயி டிக்கெட் கிழிச்சுக் குடுக்குறாரு. அந்த ஆளு சாத்தூர்ல எறங்குற ஆளு. பாவம், முழிச்சுப் பாத்துட்டு ஒரே சண்டை. இப்படி வேலை பாத்தா கவர்மெண்டு பஸ்ஸு எப்படி உருப்படும்?

நான் மதுரைக்கு எதுக்குப் போறேன்னு கேளு. அங்க ஒரு காலேஜ்ல பழைய காலண்டர் படத்தையெல்லாம் சேத்துக் கண்காட்சி வைக்கிறாகளாம். எங்க அப்பா படம் மட்டும் பதினோரு படம் மாட்டியிருக்காகளாம். நான் வந்து மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்னு லெட்டர் போட்டிருக்காக. லெட்டர்ல எனக்கு என்ன பட்டம் தெரியுமா? ‘ஓவியர் ஆவுடையப்பனின் மகள்.’ அம்புட்டுத்தான். குழல்வாய்மொழின்னு எனக்கு ஒரு பேரு இருக்குன்னு கூட அவுகளுக்குத் தெரியாது.

அந்தப் பதினோரு படத்துல ஒம்பது படத்துக்குக் கண்ணு வரஞ்சது நான்தாம்மா. இன்னைக்கு மைக்கப் புடிச்சு அதைச் சொல்லிறணும்னுதான் போறேன். ஆனா நம்புவாகளா? கையெழுத்துப் பூராவும் அப்பாவோடது. பாத்த ஆளுக யாரும் இப்ப உயிரோட இல்ல. ‘ஆதாரம் என்னம்மா?’ன்னு ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டா நான் எதைக் காட்டுவேன்?

உனக்கு மொதல்லயிருந்து சொல்றேன். மதுரை வர்ற வரைக்கும் வேற என்ன வேலை?

எங்க அப்பா கோவில்பட்டியில சாமிப் படம் வரையுறவரு. சிவகாசி பிரஸ்ஸுக்காரங்க கார் போட்டு வருவாக. தீப்பெட்டிக்கு, பட்டாசுக்கு, காலண்டருக்குன்னு வீட்டுல எப்பவும் ஏதாவது ஒரு சாமி காய்ஞ்சுக்கிட்டு இருக்கும். சாமிப் படம் வரையுறதுக்கு ஆள் நிக்கணும், தெரியுமா? சாமி நேர்ல வந்து நிக்காதுல்ல. நான் ஏழு வயசுலயிருந்து நின்னேன். கையும் காலும் என்னோடது.

என் கை அழகான கை. நானா சொல்லல, அப்பா சொல்லுவாரு. லட்சுமிக்கு நாலு கை இல்லையா, காலையில முன்னாடி கை ரெண்டுக்கும் நிப்பேன், சாயங்காலம் பின்னாடி கை ரெண்டுக்கும் நிப்பேன். கை கடுக்கும்னு உத்தரத்துலயிருந்து கயித்தத் தொங்கவிட்டு மணிக்கட்டக் கட்டிவிடுவாரு. வீட்டுக்கு வந்தவுக பாத்து, ‘என்ன தப்புப் பண்ணுச்சு பிள்ளை?’ன்னு கேட்டிருக்காக. உள்ளங்கையிலயிருந்து தங்கக்காசு கொட்டுதுல்ல, அது புளியங்கொட்டை. நான் கொட்டிக்கிட்டே இருப்பேன், எங்க அம்மா பொறுக்கிக் குடுத்துக்கிட்டே இருப்பா. சரஸ்வதி வீணை வேற ஒண்ணுமில்ல, ஒரு வெளக்கமாத்துக் கட்டையும் ஒரு சுரைக்காயும். படம் முடிஞ்ச அன்னைக்குச் சுரைக்காய்க் கூட்டு.

கை காலோட விட்டாரா? முருகனோட மயிலு நான்தான். மூணு நாளு குனிஞ்சு நின்னேன், முதுகுல ஈர்க்குச்சியக் கட்டிக்கிட்டு. நந்தியும் நான்தான். ஒரு தடவ மகிஷாசுரனுக்கு நாக்கத் தள்ளிக்கிட்டுப் படுத்திருக்கேன், அந்நேரம் பார்த்து என் பள்ளிக்கூட டீச்சர் உள்ள வர்றாக.

ஆனா மூஞ்சி மட்டும் நான் இல்ல.

மூஞ்சின்னா செண்பகவல்லிதான். போஸ்ட்மாஸ்டர் மக. அவ நாற்காலியில சாய்ஞ்சு உக்காந்து முறுக்குத் தின்பா. அப்பா அவ மூஞ்சியப் பாத்துப் பாத்து வரைவாரு. அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும், எந்திரிச்சுப் போயிருவா. வருசம் பூரா வீட்டுக்கு வீடு ஆணியில தொங்குறது அவ மூஞ்சி. பொறாமைன்னு நெனச்சுக்கிறாத. எனக்குப் பொறாமையே கிடையாது. அவளுக்கு இப்பச் சக்கரை, மூட்டுவலி, எந்திரிக்கவே ஆள் வேணுமாம். சும்மா, காதுல விழுந்ததச் சொன்னேன்.

‘ஏம்ப்பா, என் மூஞ்சிய வரையக் கூடாதா?’ன்னு கேப்பேன். பிரஷ்ஷக் கழுவிக்கிட்டே என்னப் பாப்பாரு. ரொம்ப நேரம் பாப்பாரு. அப்புறம், ‘உன் கை மாதிரி ஒரு கை இந்த ஜில்லாவுலயே கிடையாது, குழலு’ம்பாரு. நான் கேட்டது மூஞ்சி, அவரு சொல்றது கை. இதுக்கு என்ன பேரு? ஓரவஞ்சனை. பெத்த மகள விட அடுத்த வீட்டுக்காரிய ஒசத்தி வைக்கிறது.

நீ மறுபடியும் திரும்புற. பின் சீட்டு அம்மாகிட்ட நான் ஒண்ணும் பேசல. நீங்க தூங்குங்கம்மா, உங்களச் சொல்லல.

எனக்குப் பத்தொம்பது வயசு அப்ப. மூணு குடை சீயக்காய்த்தூள் கம்பெனிக்கு மகாலட்சுமி காலண்டர். பெரிய சைஸு. படம் முடிஞ்சுது, கண்ணு மட்டும் பாக்கி. எங்க அப்பா சாமிக்குக் கண்ணக் கடைசியாத்தான் தெறப்பாரு. அதுக்கு ஒரு முறை இருக்கு. தலைக்குக் குளிச்சு, கோடி வேட்டி கட்டி, சூடம் காமிச்சு, படத்துக்கு எதுத்தாப்புல ஒரு கண்ணாடிய நிறுத்திருவாரு. கண்ணு தெறந்ததும் சாமியோட மொதப் பார்வை மனுசன் மேல படக் கூடாதாம், அந்தக் கண்ணாடியில இருக்கிற தன் மேலயே படணுமாம். அப்புறம் வாயத் தெறக்க மாட்டாரு. பிரஷ்ஷால நாலு தொடல். சாமி முழிச்சிரும்.

நாளைக்குக் கண்ணு தெறக்கணும், இன்னைக்கு ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. செண்பகாவுக்கு மொத வந்துச்சு. அவதான் அப்பாவுக்கு ஒட்டவிட்டது, நான் அடிச்சுச் சொல்லுவேன். காலையில அப்பாவுக்கு ரெண்டு இமையும் ஒட்டிக்கிச்சு. எங்க அம்மா வெந்நியில துணிய நனைச்சு ஒத்துறா, தெறந்தா ஒரே தண்ணி, ஒண்ணும் தெரியல. எனக்கு மட்டும் வரல. எனக்குக் கண்ணுல ஒரு குறையும் வந்ததில்ல, இன்னைய வரைக்கும்.

மத்தியானம் மூணு மணிக்குப் பிரஸ்ஸுக்காரரு வந்து படத்த எடுத்துட்டுப் போகணும். முதலாளி பேரு தங்கப்பாண்டி. ஒரு நாள் தப்பினா வேற ஆள் படத்தப் போட்டுருவேன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அப்பா சுவத்தப் பாத்துக்கிட்டு, கண்ணுல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. ‘குழலு, தலைக்குக் குளிச்சிட்டு வா’ன்னாரு.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம்மா. அப்பாவுக்குக் கண்ணு வலிக்கும்போது சந்தோசப்படலாமான்னு நீ கேப்ப. படக்கூடாதுதான். பட்டேன்.

குளிச்சு, புதுச்சேலை கட்டி, சூடம் காமிச்சேன். கண்ணாடிய நிறுத்தினேன். பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு, யாரப் பாத்து வரையுறதுன்னு யோசிக்கிறேன். செண்பகா வீட்டுல கறுப்புக் கண்ணாடி போட்டுப் படுத்திருக்கா. தலையத் திருப்புறேன், கண்ணாடியில நான் நிக்கிறேன். புதுச்சேலை, ஈரத்தலை, நெத்தியில பொட்டு. ஆஹா, லட்சுமி இங்கல்ல இருக்கா! அது சாமி பாக்குறதுக்கு வச்ச கண்ணாடி, நாம பாக்குறதுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாத்தேன்.

அப்படியே போட்டேன். எதையும் கூட்டல, கொறைக்கல. கண்ணாடியில எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி.

அப்பா சுவத்துப் பக்கமே திரும்பி இருந்து கேக்குறாரு, ‘கருமணி ரெண்டும் நேரா இருக்கா குழலு?’

‘நேரா இருக்குப்பா.’

‘நல்லாப் பாத்துச் சொல்லு.’

‘கண்ணாடியில பாத்து வச்சுப் போட்டிருக்கேன்ப்பா. நூல் பிசகல.’

அப்பா தொண்டையச் செருமினாரு. சூடப் புகைன்னு நெனச்சேன்.

எடுத்துட்டுப் போக வந்த போர்மேனுக்கும் மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடியோட வந்தாரு, கறுப்புக் கண்ணாடியோட பாத்தாரு, ‘பிரமாதம்’னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாரு. பிரஸ்ஸுல இருந்த எல்லாருக்கும் அதே நோவு. முப்பதாயிரம் காலண்டரு அடிச்சாக. தை பிறக்குறதுக்கு முந்தி ஊரெல்லாம் குடுத்தாச்சு.

கண்ணு சரியானதும் முதலாளி கார் போட்டு வந்து குதிக்கிறாரு. ‘ஆவுடை, என்னய்யா செஞ்சு வச்சிருக்க? லட்சுமிக்கு ஒரு கண்ணு சிவகாசியப் பாக்குது, ஒரு கண்ணு எட்டயபுரத்தப் பாக்குது! கம்பெனிக்காரன் என்னக் கொன்னுருவான்யா!’

மகாலட்சுமின்னா நாலு பக்கமும்தான் பாக்கணும், ஒரு பக்கமே பாத்தா மத்த பக்கத்து ஆளுக என்ன செய்வாகன்னு எனக்கு வாயில வந்துருச்சு. ஆனா அப்பா எந்திரிச்சு நின்னாரு. அவரு முதலாளிக்கு முன்னால எந்திரிச்சு நின்னு நான் பாத்ததில்ல. ‘அண்ணாச்சி, மெதுவாப் பேசுங்க. பிள்ளை நிக்குது’ன்னாரு. முதலாளி என்னப் பாத்தாரு. படத்தப் பாத்தாரு. மறுபடி என்னப் பாத்தாரு. ‘ஒரு டம்ளர் மோர் குடு தாயி’ன்னாரு. வேலையோட அருமை அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சிருக்கு.

ரெண்டு மாசத்துல கம்பெனிக்குக் கடுதாசி வர ஆரம்பிச்சிருச்சு. ஒரு அம்மா எழுதியிருக்கா, ‘அடுப்படியில நின்னாலும் லட்சுமி என்னப் பாக்குறா, வாசல்ல நின்னாலும் பாக்குறா, வீட்டைப் பூட்டிட்டுப் போக இப்பத்தான் தைரியமா இருக்கு’ன்னு. அதை விடக் கடைக்காரங்களுக்குத்தான் கொண்டாட்டம். மாட்டுறதுக்கு ஒரு எடம் போதும், கல்லாவையும் பாக்குறா, சரக்கையும் பாக்குறா, தராசுக்கு முன்னால நிக்கிற ஆளையும் பாக்குறா. திருட வந்தவனே பயப்படுறானாம். அடுத்த வருசம் ஒரு லட்சம் காலண்டரு அடிக்கணும், கண்ணு மட்டும் அதே கண்ணா இருக்கணும்னு கம்பெனிக்காரரு கண்டிசன் போட்டுட்டாரு.

சாத்தூர் வந்துருச்சு. வெள்ளரிப்பிஞ்சு வாங்குவமா? ஏ தம்பி, ரெண்டு கட்டு குடு... பாரு, அவன் போயி டிரைவர்கிட்ட நீட்டுறான்! இங்க தம்பி, இங்க!

இப்படித்தான் எனக்குக் கல்யாணமும் ஆச்சு. பொண்ணு பாக்க வந்தாக. நான் காபிய வச்சிட்டு மாப்பிள்ளைய ஒரே ஒரு தடவ நல்லா நிமிர்ந்து பாத்தேன். மாப்பிள்ளைய! அவருக்குப் பக்கத்துல தோழனா வந்திருந்தவுக, ‘என்னையத்தான் பாத்துச்சு அந்தப் பொண்ணு’ன்னு நெனச்சு ஒரு வாரம் சோறு திங்கலையாம். மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாக, தோழனா வந்தவுக நேரா வந்து பொண்ணு குடுங்கன்னு நின்னுட்டாக. அவுகளோட முப்பத்தாறு வருசம் நல்லாத்தான் வாழ்ந்தேன். கடைசி வரைக்கும் ‘நீ அன்னைக்கு என்னப் பாத்த பாரு ஒரு பார்வை’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நானும் ஆமாம்னு விட்டுட்டேன். ஆம்பளைகளுக்குக் கவனம் கொறச்சல், என்னத்தச் சொல்ல?

எங்க விட்டேன்? ஆங், அடுத்த வருசம். அந்தக் கண்ண அப்பா வரஞ்சு பாத்தாரும்மா. வரல. என் படத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டே வரையுறாரு, முடிச்சுப் பாத்தா நேராப் பாக்குது, சப்புன்னு இருக்கு. அழிக்கிறாரு, மறுபடி போடுறாரு, மறுபடி சப்புன்னு. நாப்பது வருசப் பழக்கம், கை கேக்க மாட்டேங்குது. கடைசியில பிரஷ்ஷ என்கிட்ட நீட்டினாரு. நான் கண்ணாடி முன்னால நின்னு நாலு தொடல். அம்புட்டுத்தான்.

அதுக்கப்புறம் கல்யாணமாகிப் போயும் விடல. லட்சுமி, மீனாட்சி, மாரியம்மா, எந்த அம்மனா இருந்தாலும் சரி, என் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். நான் அடுப்ப அமத்திட்டு, குளிச்சிட்டு, கண்ணத் தெறந்து அனுப்புவேன். மூஞ்சி செண்பகாவோடது, கை என்னோடது, கண்ணு நான் போட்டது. கீழ கையெழுத்து மட்டும் ‘ஆவுடை’.

அதைத்தாம்மா என்னால தாங்க முடியல. ‘அப்பா, ஓரத்துல குழலுன்னு சின்னதா ஒண்ணு போடுங்க’ன்னு கெஞ்சியிருக்கேன். ‘சாமி கண்ணுக்கு ஆள் பேரு எதுக்கு?’ம்பாரு. அப்ப சாமி உடம்புக்கு மட்டும் எதுக்கு உங்க பேருன்னு கேட்டேன். ஆறு மாசம் அப்பா வீட்டுக்குப் போகல நான்.

அப்புறம் படுத்துட்டாருன்னு சொன்னாக, ஓடினேன். கஞ்சி குடுத்துக்கிட்டே கேட்டேன். விடுவேனா? ‘இப்பவாவது சொல்லுங்கப்பா. ஏன் என் மூஞ்சிய ஒரு தடவ கூட வரையல?’

கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு தகரப் பெட்டிய இழுக்கச் சொன்னாரு. தெறந்தா, பூராவும் என் மூஞ்சிம்மா. பத்து வயசுல, பதினஞ்சு வயசுல, ஜடை போட்டு, ஜடை போடாம. ஒண்ணுலயும் கண்ணு இல்ல. கண்ணு எடம் மட்டும் வெள்ளையா, காலியா.

அப்பா சொன்னாரு, ‘ஒவ்வொரு தடவையும் என் கை கண்ண நேராக்கப் பாக்குது, குழலு. நேராக்கினா அழகாத்தான் இருக்கு. ஆனா அது நீ இல்ல, வேற எவளோ. எம்மகள நானே அழிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்.’

காய்ச்சல் வேகத்துல என்ன உளறல் பாரு. நேரா இருக்கிற கண்ண என்னத்த நேராக்குறது? ஆனா எனக்கு என்னமோ அழுகை வந்துருச்சும்மா. கஞ்சி பூரா அவரு மேல கொட்டிட்டேன். அந்த நெலமையிலயும், ‘கை மட்டும்தான் அழகு, வேலைக்கு ஆகாது’ன்னு சிரிச்சாரு. மூணாம் நாளு போயிட்டாரு.

அந்தப் படத்துக்கெல்லாம் நான் இன்னும் கண்ணு தெறக்கல. இருக்கட்டும். அப்பா விட்ட எடம்.

அய்யோ, திருமங்கலம் தாண்டியாச்சா? பேச்சு சுவாரசியத்துல பாக்கல. நீயே சொல்லு, மேடையில ஏறி ‘இந்தக் கண்ணு நான் வரஞ்சது’ன்னு சொன்னா, படிச்ச ஆளுக நம்புவாகளா? கையெழுத்து இல்ல, சாட்சி இல்ல. ‘அப்பா பேர அபகரிக்க வந்திருக்கா கெழவி’ன்னு நெனச்சுட்டாக?

இரு, உனக்குக் காட்டுறேன். மொத மொத அடிச்ச சீயக்காய் லட்சுமி. பைய இப்படிப் புடி. ஓரம் மடங்கிறாம. இந்தா, நல்லா வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. கண்ணப் பாரு.

என்னம்மா, படத்தப் பாக்குற, என்னப் பாக்குற, மறுபடி படத்தப் பாக்குற? ஏன் வாயப் பொத்திக்கிட்ட? சிரிக்கிறியா, அழுகிறியா?

என்ன... ‘அப்படியே நீங்கதான்’னா?

நான் இன்னும் மேடையே ஏறல, ஆதாரம் ஒண்ணும் காட்டல, பாத்ததும் சொல்லிட்டியே! எப்படிக் கண்டுபுடிச்ச? என் கைய வச்சா?

அட, என்ன இது, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு? பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாக. கைய எறக்கு தாயி, எனக்குக் கூச்சமா இருக்கு.

இல்ல, இரு. எறக்காத.

கும்புடுறதுதான் கும்புடுற, அந்தச் செருப்பக் கழட்டி வச்சிட்டுக் கும்புடு.